ராக்கெட் அடுப்பு வாய் வழியே புகைகிறதா?

மூணாறு, வட்டவடைப் பக்கம் குளிருக்கு வீட்டிலேயே கட்டும் ராக்கெட் அடுப்பு (உள்ளே நிற்கும் குழாயில் தீ மேலேறி, அதன் மேல் கவிழ்த்த டிரம்மைச் சூடாக்கும் அடுப்பு) புகை கக்கினால், ஈர விறகைத் திட்டும் முன் அளவு டேப்பை எடுங்கள். விறகு வாய், உள்ளே நிற்கும் குழாய், புகைபோக்கி மூன்றுக்கும் உள் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றாக இருக்க வேண்டும். 6 அங்குலக் குழாய் என்றால் சுமார் 28 சதுர அங்குலம். குழாயின் உச்சிக்கும் கவிழ்த்த டிரம்முக்கும் நடுவே 2 அங்குலம் விடுங்கள். ஒன்றரைக்குக் கீழே போனால் புகை திணறும். வாயில் குறுக்கே ஒரு தகடு: மேலே விறகு, கீழே காற்று. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

குழாயைச் சுற்றி மணலோ களிமண்ணோ நிரப்பினால் அதுவே சூட்டைக் குடித்துவிடும். தீ மந்தமாகிக் கரி படியும். கம்பம் பக்கத்து அரிசி ஆலை உமிச்சாம்பலை, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, 4 அங்குலக் கனத்துக்கு அமுக்காமல் கொட்டுங்கள். நாளாக ஆக இறங்கும். மேலே நிரப்ப வேண்டும். மழைக்காலத்தில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்றுங்கள்.

குளிர்ந்த காலையில் புகைபோக்கியின் அடியில் முதலில் ஒரு காகிதத்தைக் கொளுத்துங்கள், இழுவை பிடிக்கும். புகைபோக்கி கூரைக்கு வெளியே போகாவிட்டால் அறைக்குள் எரிக்கவே வேண்டாம். புகையோடு வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.