ஸ்டாலின்கிராட் வளைப்பு: பனிக்கால ஆட்டத்தில் சோவியத் பக்கம் ஆடுவது எப்படி

ஸ்டாலின்கிராடில் இருந்த ஜெர்மன் 6ஆம் ராணுவத்தை சோவியத் படைகள் வளைக்கத் தொடங்கிய 1942 நவம்பர் 19இல் ஆரம்பிக்கும் அறுகோணக் கட்டப் போர் ஆட்டம் எதுவானாலும், அட்டைக் காய்களோ கணினித் திரையோ, சோவியத் பக்கம் உட்காரும் புதியவர் முதலில் நகரத்தைத்தான் தாக்குவார். அது வீண் வேலை. உள்ளே இருப்பவை நல்ல ஜெர்மன் டிவிஷன்கள். கட்டடங்கள் அவற்றின் தற்காப்பை இன்னும் கூட்டும். நகரத்தில் நிற்கும் உங்கள் 62ஆம் ராணுவத்துக்கோ, பனிப்பாளம் மிதக்கும் வோல்காவைத் தாண்டித்தான் சப்ளை வரவேண்டும். ஆறு கெட்டியாக உறைய டிசம்பர் நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை அந்தக் காய்களை அசைக்காதீர்கள். எதிரே நிற்பவனை நகரவிடாமல் பிடித்துவைத்தால் போதும்.

அடி விழவேண்டிய இடங்கள் இரண்டு. வடமேற்கே டான் ஆற்றங்கரையில் செராஃபிமோவிச், கிளெட்ஸ்காயா பாலமுனைகளுக்கு (ஆற்றின் எதிர்க்கரையில் சோவியத் பிடித்துவைத்த இடங்களுக்கு) எதிரே, ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியாவின் 3ஆம் ராணுவம். தெற்கே சார்பா ஏரிகளை ஒட்டி ருமேனிய 4ஆம் ராணுவம். அங்கே நீளமான முன்னணியில் மெல்லிய காய்கள்தான் நிற்கும்.

தாக்குமுன் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஆட்டங்களில் தாக்குபவர் வலிமைக்கும் தற்காப்பவர் வலிமைக்கும் உள்ள விகிதத்தைக் கீழ்நோக்கித்தான் முழுமையாக்குவார்கள். உங்களிடம் 17, எதிரியிடம் 6 என்றால் அது 2:1தான். 1 வலிமையுள்ள ஒரு சின்னக் காயைச் சேர்த்தால் 18, உடனே 3:1. தாக்குபவரே பின்வாங்கும் ஆபத்து அங்கேதான் வெகுவாகக் குறைகிறது. ஆனால் 23ஐக் குவித்தாலும் அதே 3:1தான். மிச்சம் 5ஐப் பக்கத்துத் தாக்குதலுக்கு அனுப்புங்கள்.

ஓட்டையைக் காலாட்படையும் பீரங்கியும் போடட்டும். டாங்க் கோர்களை (பெரிய டாங்குப் படைப்பிரிவுகளை) முதல் மோதலில் இறக்கினால், ஓட்டை விழுந்தபின் அதன் வழியே ஓட ஆள் இருக்காது. அவற்றை எதிரியின் கட்டுப்பாட்டுக் கட்டங்களுக்கு, அதாவது எதிரிக் காயை ஒட்டிய ஆறு கட்டங்களுக்கு, வெளியே, ஒரு கட்டம் பின்னால் நிறுத்துங்கள். எதிரியை ஒட்டி நிற்கும் காய் நகர்வுப் புள்ளியை வீணாக்கும். சில விதிகளில் நகரவே முடியாது. ஜெர்மன் பக்கத்தின் கையிருப்பு 22ஆம் பான்சர் டிவிஷனைக் கண்டு பயப்படவேண்டாம். வைக்கோல் மூடிய குழிகளில் நின்ற அதன் டாங்குகளின் மின்கம்பிகளை எலிகள் கடித்துவிட்டன. காயில் அச்சிட்ட எண் சிறிதாக இருந்தால் காரணம் அதுதான்.

பின்னர் ஜெர்மன் வரிசைக்குப் பின்னால் டான் ஆற்றின் மேலுள்ள கலாச் பாலம். வரலாற்றில் அது 22ஆம் தேதி கைமாறியது. மறுநாளே வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த சோவியத் படைகள் அருகிலுள்ள சோவியத்ஸ்கி என்ற ஊரில் சந்தித்தன. நீங்களும் எதிர்ப்படும் காயோடெல்லாம் மோதாமல் சுற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன் சப்ளைத் தூரத்தைக் கட்டம் கட்டமாக எண்ணுங்கள். ஒரு கட்டம் கூடினாலும் வேகமாக ஓடிய கோர் அடுத்த முறை பாதி வலிமையில் நிற்கும்.

வளையத்தை அடைக்க எல்லாக் கட்டத்திலும் காய் வேண்டாம். ஒரே வரிசையில் இரண்டு காய்களுக்கிடையே இரண்டு காலிக் கட்டங்கள் விட்டால், இடைப்பட்ட இரண்டும் உங்கள் கட்டுப்பாட்டில் வந்துவிடும்; எதிரியின் சப்ளை கடக்காது. மூன்று விட்டால் நடுக்கட்டம் திறந்தே கிடக்கும். தனியாக நிற்கும் ஒரே காயைச் சுற்ற, நேரெதிர்ப் பக்கங்களில் இரண்டு காய்கள் போதும். ஆறு பக்கமும் அடைபடும். 2:1இல் ‘பின்வாங்கு’ என்று விழுந்தால்கூட, போக இடமில்லாமல் அது ஒழிந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு: எதிரியின் இன்னொரு காய் நிற்கும் கட்டத்தில் உங்கள் கட்டுப்பாடு செல்லாது என்று பல விதிநூல்கள் சொல்கின்றன. ஆட்டம் தொடங்குமுன் இந்த விதியைப் படித்துவிடுங்கள். பாதிச் சண்டையே இதில்தான் வரும்.

வளையம் மூடியதும் உள்ளே இருப்பவர்களை அடிக்கக் கை பரபரக்கும். அடிக்காதீர்கள். சப்ளை இல்லாத காய்கள் தாமாகவே தேயும். 6ஆம் ராணுவத்துக்கு விமானம் வழியாக நாளொன்றுக்கு 300 டன்னாவது தேவைப்பட்டது. சராசரியாக அதில் பாதிகூட இறங்கவில்லை. விமான சப்ளை விதி இருந்தால் தாட்சின்ஸ்காயா விமானதளத்தைக் குறிவையுங்கள். 1942 டிசம்பர் 24இல் சோவியத் டாங்குகள் அங்கே நுழைந்தன.

உள்வளையத்துக்குக் காலாட்படை, வெளிவளையத்துக்கு குதிரைப்படையும் டாங்கும். டிசம்பர் 12இல் கொடெல்னிகொவோவிலிருந்து ஜெர்மன் மீட்புப் படை கிளம்பும். அக்சாய், மிஷ்கோவா ஆறுகளில் ஒவ்வொன்றாகத் தடுத்துப் பின்வாங்குங்கள். வரலாற்றில் மிஷ்கோவாவில்தான் அது நின்றது. ஆனால் ‘உறைபனி’ என்று வானிலை விழுந்தால் ஆறு தரும் தற்காப்பு போய்விடலாம். அப்போது ஆற்றங்கரையை நம்பாமல் கிராமக் கட்டங்களில் நில்லுங்கள்.

வளையத்துக்கு மேற்கே சிர் ஆற்றுப் பக்கம் எச்சரிக்கை தேவை. 11ஆம் பான்சர் டிவிஷனை வரிசைக்குப் பின்னால் வைத்திருக்கும் எதிராளி விவரம் தெரிந்தவர். ஆற்றைக் கடந்து தனியாக நிற்கும் உங்கள் கோர்களை ஒவ்வொன்றாக விழுங்குவார். கடந்தால் குறைந்தது மூன்று காய்களாகச் சேர்ந்து கடங்கள். இல்லையென்றால் இக்கரையிலேயே இருங்கள்.