வீட்டில் முதல் பவளத் தொட்டி: தொட்டியை வைப்பதிலிருந்து முதல் பவளம் வரை

பவளத் தொட்டி வைக்க வேண்டும் என்ற ஆசை மீன்களையும் பவளங்களையும் பார்த்துத்தான் பிறக்கிறது என்றாலும், அந்தத் தொட்டி நிலைத்து நிற்குமா என்பதை அவை வீட்டுக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாத வேலைதான் தீர்மானிக்கிறது. பவளத்திட்டுகளைச் சூழ்ந்த கடல்நீரில் வெப்பமும் உப்பளவும் காரத்தன்மையும் மெதுவாகவே மாறுகின்றன. அந்த மாறாத நிலைக்குப் பழகிய உயிர்களை நூறு இருநூறு லிட்டர் நீருக்குள் கொண்டுவருகிறோம். ஆகவே இங்கே நாம் முதலில் வளர்ப்பது நீரைத்தான். இந்த வரிசையை மாற்றாமல் இருப்பவருக்கு மற்றவை ஒவ்வொன்றாகக் கைகூடும்.

தொட்டியும் இடமும்

சிறிய தொட்டி தொடக்கக்காரருக்கு எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. நீர் குறையக் குறைய, ஒரு நாள் ஆவியாதலோ ஒரு சிட்டிகை அதிகத் தீனியோ உண்டாக்கும் மாற்றம் பெரிதாகிறது. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 180 லிட்டர்; தவறுகளைத் தாங்குவதற்கும் பராமரிப்பதற்கும் இது நல்ல நடுவளவு. நீர், பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் எடை 250 கிலோவைத் தாண்டும் என்பதால், தாங்கியும் தரையும் அதற்கேற்ற வலுவுடன் இருக்கின்றனவா என்பதையும் மட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் தொட்டி காலியாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நேரடி வெயில் படும் சன்னல் அருகிலும், குளிர்சாதனத்தின் காற்று நேராக வீசும் இடத்திலும் தொட்டியை வைக்கக் கூடாது.

தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டியை வைக்க வாய்ப்பு இருந்தால் வைத்துவிடுவதே நல்லது. மொத்த நீரளவு கூடுவதோடு, ஹீட்டர், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் போன்ற கருவிகளும் கண்ணுக்கு மறைவாக அங்கே அடங்கிவிடும். சம்ப் வைத்தால் ஒரு சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்: மேலே நீரேற்றும் பம்பை நிறுத்திவிட்டு, தொட்டியிலிருந்து வடிந்து இறங்கும் நீர் முழுவதையும் சம்ப் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மின்வெட்டின்போது தரை நனைவதும் நனையாமல் இருப்பதும் இந்தச் சோதனையைப் பொறுத்தது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் எல்லா இணைப்புகளும் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் வழியாகவே செல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கினால், கம்பி வழியே வழியும் நீர் பிளக்கை எட்டாமல் கீழே சொட்டிவிடும்.

நீரும் உப்பும்

குழாய்நீரில் குளோரின், பாஸ்பேட், சிலிகேட், சில இடங்களில் செம்பு ஆகியவை இருக்கலாம். மிகக் குறைந்த அளவு செம்பும் முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொல்லும். பாஸ்பேட்டும் சிலிகேட்டும் பாசியை வளர்க்கும். எனவே ஆர்.ஓ. வடிகட்டியோடு அயனி நீக்கும் பிசினும் சேர்ந்த கருவியில் சுத்திகரித்து, நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். குடிநீருக்கான ஆர்.ஓ. மட்டும் போதாது, அதில் எஞ்சும் உப்புகளைப் பிசின்தான் நீக்குகிறது.

பவளத் தொட்டிகளுக்கென விற்கப்படும் கடல் உப்புக் கலவையில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். முதல் நிரப்பலைத் தொட்டியிலேயே கலக்கலாம். உயிர்கள் வந்த பிறகு எப்போதும் தனிக் கலனில்தான் கலக்க வேண்டும். நீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, பம்பை ஓடவிட்டு, தெளிந்த பிறகு அளக்க வேண்டும். இலக்கு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026. அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. ஆனால் அதை வெறும் நீரால் மட்டும் சரிபார்த்தால் போதாது, 35 பி.பி.டி. சரிபார்ப்புக் கரைசலாலும் சரிபார்க்க வேண்டும். நாம் அளக்கப் போகும் உப்பளவில் கருவி சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெப்பம் 25 முதல் 26 டிகிரி செல்சியஸ் போதும். கோடையில் அது ஏறினால், நீர்ப்பரப்பின் மீது காற்று வீசும் சிறு மின்விசிறியே சில டிகிரியைக் குறைக்கும்.

பாறையும் காத்திருப்பும்

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறையையும் காற்றோட்டத்தையும் மட்டும் நம்பிய தம் கடல் தொட்டிகளைப் பற்றி எழுதினார். நுண்துளைகள் நிறைந்த பாறையே தொட்டியின் வடிகட்டி என்ற அந்தக் கருத்துதான் இன்றைய பவளத் தொட்டிகளுக்கும் அடிப்படை. பாக்டீரியாவும் சிறு உயிர்களும் குடியிருக்கும் பாறையை லைவ் ராக் என்கிறார்கள். அது கிடைக்காத இடத்தில் உலர்ந்த பாறையில் தொடங்கலாம்; நாள் கூடுதலாகும், ஆனால் வேண்டாத பூச்சிகள் அதனுடன் வருவதில்லை.

பாறையை மணலின் மேல் அடுக்காமல் தொட்டியின் அடித்தளத்தில் நேராக நிறுத்தி, அதன் பிறகே அரகோனைட் எனப்படும் சுண்ணாம்பு மணலைப் பரப்ப வேண்டும். மணலைத் தோண்டும் மீனோ இறாலோ அடியைக் குடைந்தாலும் அடுக்கு சரியாது. கண்ணாடியைத் துடைக்கக் கை நுழையும் அளவு இடைவெளி விட்டு, நீர் ஊடுருவிச் செல்லும்படி குகைகளும் மேடைகளுமாக அடுக்குவது நல்லது. பாறைச் சுவராகக் கட்டினால் அதன் பின்னால் அழுக்கு தேங்கும்.

இதன் பிறகு வருவதுதான் பலர் பொறுமை இழக்கும் கட்டம். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா உயிர்களுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில அந்த நைட்ரைட்டை, பெரும்பாலும் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவை பாறையில் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவற்றுக்கு உணவாக மீனை விடுவது கொடுமை. அம்மோனியம் குளோரைடைக் கரைத்து அம்மோனியா அளவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தாலே போதும். அதே அளவை மறுபடியும் சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால், நுண்ணுயிர்கள் பெருகும் இந்தச் சுழற்சிக் கட்டம் முடிந்துவிட்டது. இந்த வாரங்களில் விளக்கை எரியவிடத் தேவையில்லை. ஒளி பாசிக்கே பயன்படும்.

விளக்கு எரியத் தொடங்கிய பின் மணலும் பாறையும் பழுப்புப் படலம் பூசிக்கொள்ளும். அது டயட்டம் என்னும் நுண்பாசி; சிலிகேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே மறையும். மருந்து ஊற்றி அதை விரட்ட முயல வேண்டாம். பாசி தின்னும் நத்தைகள் சிலவற்றை விடுவதற்கு இதுதான் பொருத்தமான நேரம்.

மீன்கள்

முதல் மீனாக, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடியைப் பரிந்துரைப்பேன். அவை கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை அல்ல, தொட்டி வாழ்க்கைக்கும் உணவுக்கும் பழகியவை. அவற்றுக்குக் கடல் சாமந்தி (அனிமோன்) இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. புதிய தொட்டியில் சாமந்தி பெரும்பாலும் தாங்காது. கடல்மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி ஒட்டுண்ணிக்குச் செம்பு மருந்து கொடுக்கலாம், ஆனால் பவளம் இருக்கும் தொட்டியில் அதை ஊற்றவே முடியாது. ஆகவே ஒவ்வொரு புதிய மீனையும் நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே முதன்மைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு பழக்கம் காக்கும் உயிர்களின் எண்ணிக்கையை வேறு எந்தக் கருவியாலும் எட்ட முடியாது. மீன்களை ஒரே நாளில் நிரப்பாமல் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சேர்த்தால் பாக்டீரியாவும் அதற்கேற்ப வளரும்.

பவளங்கள்

தொட்டி ஓடத் தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் ஆன பின் மென்பவளங்களில் தொடங்கலாம்: காளான் பவளம், தோல் பவளம், சோயாந்தஸ் ஆகியவை சிறு ஏற்றத்தாழ்வுகளைத் தாங்கும். அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்களுக்கு ஓராண்டு காத்திருப்பதே நியாயம். கடினப் பவளங்கள் அனைத்தும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. சில நாடுகளில் உள்நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது. எதையும் வாங்குவதற்கு முன் அது உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்டதா என்று அறிந்துகொண்டு, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளையே தேடி வாங்குங்கள். கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளம் நம் வீட்டு அழகுக்காக இழக்கப்படக் கூடாதது.

சோயாந்தஸ் இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அவற்றைத் தொடும்போது கையுறையும் கண்காப்பும் அணிய வேண்டும். அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்கவைப்பதோ வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியில் கலந்த நஞ்சு வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும்.

பவளத்தின் திசுக்களில் வாழும் நுண்பாசி ஒளியைக்கொண்டு உணவு செய்து பவளத்துக்கும் கொடுக்கிறது. ஆனால் ஒளி மிகுந்தாலும் அந்தப் பாசி வெளியேறிப் பவளம் வெளிறிவிடும். ஆகவே புதிய துண்டை முதலில் அடித்தளத்தில் வைத்து, சில வாரங்களில் படிப்படியாக மேலே நகர்த்துவதே பாதுகாப்பு. நீரோட்டம் ஒரே திசையில் பாய்ந்து திசுவைக் கிழிக்காமல், மாறிமாறி அலைய வேண்டும்.

தொடர் பராமரிப்பு

நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே தினமும் குறையும் அளவை உப்பில்லாத தூயநீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். தானாக நீர் சேர்க்கும் கருவிக்குச் செய்யும் செலவு வீண் போவதில்லை. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பமும் உப்பளவும் கொண்ட புதிய உப்புநீரால் மாற்றினால் பெரும்பாலான தாதுக்கள் திரும்பக் கிடைக்கும்.

கடினப் பவளங்கள் வளரத் தொடங்கியதும் அவை எலும்புக்கூட்டைக் கட்ட கால்சியத்தையும் காரத்தன்மையையும் சேர்த்தே உறிஞ்சும். கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறையும்போது காரத்தன்மை 2.8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) குறைந்திருக்கும், வழக்கமான அளவான 420 மில்லிகிராமில் 20 குறைவது சோதனையில் எளிதில் தெரியாது, ஆனால் 8.5 டி.கே.எச்.-இல் 2.8 குறைவது உடனே தெரியும். அதனால் முதலில் கண்காணிக்க வேண்டியது காரத்தன்மையை. வாரம் இருமுறை ஒரே நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள். நீர் மாற்றிய பிறகும் அளவு தொடர்ந்து இறங்கினால் மட்டும், கால்சியக் கரைசலையும் காரக் கரைசலையும் தனித்தனியே, ஒரு நாளில் 0.5 டி.கே.எச்.-க்கு மேல் உயராதபடி சேர்க்கத் தொடங்கலாம்.