பாரைக்கும் கொடுவாவுக்கும் தடி வாங்கும்போது விடும் தவறுகள்

மாரி தொடங்கி, மட்டக்களப்பின் பாலமீன்மடு முகத்துவாரம் திறந்து, வாவியின் கலங்கல் நீர் கடலுக்குள் இறங்கத் தொடங்கியதும் அந்தக் கரையில் புதிய தூண்டில் தடிகள் தென்படத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை ஏந்தி நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, நாங்கள் ஒரு காலத்தில் காசைக் கரியாக்கிய அதே வழியில் அவர்களும் போவது தெரிகிறது. நூல் சுற்றும் றீலில் உப்பு நீர் பட்டால் கழுவ வேண்டும், முடிச்சை நனைத்து இறுக்க வேண்டும் என்பவை போன்று எவரும் சொல்லித்தரக்கூடியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பாரை, கொடுவா, சீலா, கட்டா, அறுக்குளா என்று இரையைத் துரத்தித் தின்னும் மீன்களுக்கு லூர் என்னும் செயற்கை இரையை எறிவதற்கான கனமான தடியைத் தெரிவுசெய்வதில் நேரும் பிழைகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

எறியப்போகும் நிறையை மறந்து, பிடிக்கப்போகும் மீனை நினைத்து வாங்குவது

பணத்தை அதிகம் விழுங்குவதும், இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவதும் இந்தத் தவறுதான். கடைக்குப் போகிறவர் பெரிய பாரை பிடிக்க வேண்டும் என்கிறார். கடைக்காரர் இருப்பதிலேயே தடித்த தடியை எடுத்து நீட்டுகிறார். பெரிய மீனுக்குப் பெரிய தடி என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மீனை இழுப்பது தடியின் இரண்டாவது வேலை. லூரை மீன் நிற்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போடுவதே முதல் வேலை. அதைச் செய்யாத தடிக்கு இரண்டாவது வேலை வரவே வராது.

எறியும் கணத்தில் லூரின் நிறை தடியைப் பின்னோக்கி வளைக்கிறது. வளைந்த தடி நிமிரும் வேகம்தான் லூரைத் தூக்கிக்கொண்டு போகிறது. இதற்காகவே தடியின் கைபிடிக்குச் சற்று மேலே, 40–80 கிராம் என்றோ 2–4 அவுன்ஸ் என்றோ ஓர் எல்லை எழுதப்பட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று அதிகம் என்பதால், 2–4 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 57 முதல் 113 கிராம் வரையாகும். அந்த எல்லையின் நடுப்பகுதியிலும் அதற்குச் சற்று மேலேயும் உள்ள நிறைகளில்தான் பெரும்பாலான தடிகள் நன்றாக வேலை செய்கின்றன. 180 கிராம் வரை எறிவதற்கென்று கட்டப்பட்ட தடியில் 40 கிராம் லூரைக் கட்டினால் தடி வளைவதே இல்லை. உலக்கையில் நூல் கட்டி எறிவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

சென்ற மாரியில் முகத்துவாரத்தில் கண்ட ஓர் இளைஞரின் கதையைச் சொல்கிறேன். படகில் நின்று பெரிய பொப்பர், அதாவது நீர்மேல் சத்தமிட்டு வரும் லூர், எறிவதற்கென்று செய்யப்பட்ட 8 அடித் தடி, அதற்கேற்ற பாரமான றீல், அதில் 80 இறாத்தல் பிரெய்ட் என்னும் பின்னல் நூல். நுனியில் தொங்கியதோ சூடை அளவான 40 கிராம் லூர். கலங்கல் நீரும் கடல் நீரும் சந்திக்கும் கோட்டில் கட்டா மீன்கள் நெத்தலியைத் துரத்திக்கொண்டிருந்தன. வாடைக் காற்று முகத்துக்கு நேரே அடித்தது. அவர் முழுப் பலத்தோடு வீசிய லூர் ஒவ்வொரு முறையும் பாதித் தூரத்திலேயே விழுந்தது. தடித்த பிரெய்ட் காற்றில் வில்லாக வளைந்து, விழுந்த லூரையும் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், வளையமொன்று தங்கூசியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்த பழைய 9 அடித் தடியைக் கொண்டு, அதே அளவான லூரைக் கோட்டுக்கு அப்பால் போட்டு மீன்களை ஒவ்வொன்றாகக் கரையேற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இதால எவ்வளவு பெரிய மீனையும் இழுக்கலாமெண்டுதான் கடையில சொன்னவங்க" என்றார் இளைஞர். கடையில் சொன்னதில் பொய் இல்லை, இழுக்கலாம்தான். என் தடியைக் கொடுத்து, அதே லூரைக் கட்டி எறியச் சொன்னேன். சற்றுப் பழகியதும் லூர் கோட்டைத் தாண்டி விழுந்தது. என் தடியைத் திருப்பிப் பார்த்தார். 20–60 கிராம் என்று எழுதியிருந்தது. தன் தடியில் அந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று அதன் பிறகுதான் தேடினார்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்தத் தவறு தனியாக வருவதில்லை என்பதால்தான். தடித்த தடிக்குப் பாரமான றீல் வேண்டும்; பாரமான றீலை நிரப்பத் தடித்த பிரெய்ட் நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும்; பிறகு அந்தத் தடியை வளைக்கக்கூடிய 100 கிராமுக்கு மேற்பட்ட பொப்பர்களை வாங்க வேண்டும்; அவற்றை எறிந்தாலோ, விரலளவான இரையைத் தின்றுகொண்டிருக்கும் மீன் திரும்பியும் பார்ப்பதில்லை. நாள் முழுவதும் அந்தப் பாரத்தைச் சுழற்றித் தோள்மூட்டு வீங்கியவர்கள், இது எனக்குச் சரிவராது என்று எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்பவர் எங்கே நின்று எறியப்போகிறார், எதை எறியப்போகிறார் என்ற இரண்டு கேள்விகளைக் கடைக்காரர் கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திராது.

பாரை 80 கிலோ வரை வளரக்கூடிய மீன்தான். தூண்டிலில் பிடிபட்ட பாரைகளுக்கான உலகச் சாதனை, 2006இல் யப்பானின் தொகாராத் தீவுகளில் அகப்பட்ட 72.8 கிலோ மீனுக்கு உரியது. அந்த மீனை மனத்தில் வைத்துக்கொண்டு கல்லடிக்கும் ஒலுவிலுக்கும் தடி வாங்குவது வீண் செலவு. நம் கரையிலிருந்து எறிகிறவர்களுக்கு அகப்படுபவற்றில் பெரும்பாலானவை சில கிலோ நிறையுள்ள மீன்கள். அவற்றைவிடப் பெரியது வந்தாலும், தாராளமாக நூல் உள்ள றீலும் பொறுமையும் இருந்தால் 40–80 கிராம் தடியால் கரை சேர்த்துவிடலாம். படகில் போய்க் கற்பாறைகளின் மேல் 120 கிராம் பொப்பர் எறிகிறவருக்கு மட்டும் அந்த உலக்கைத் தடி நியாயமானது. அங்கே மீன் பாறைக்குள் நுழையுமுன் நிறுத்தியாக வேண்டும்.

மறுபக்கத் தவறும் உண்டு. 30–60 கிராம் தடியில் 120 கிராம் பொப்பரைக் கட்டி முழு வீச்சில் எறிகிறவர்களையும் காண்கிறேன். தடி மீனில் முறிவதைவிட இப்படி எறியும்போது முறிவதே அதிகம். பெட்டியில் எழுதியிருக்கும் நிறையையும் அப்படியே நம்ப வேண்டாம். சில பொப்பர்களில் அது கொக்கி சேராத நிறை. பெரிய முக்கொக்கிகள் இரண்டைப் பூட்டியதும் நிறை கணிசமாக ஏறிவிடும். ஆகவே, தடி வாங்கப் போகுமுன் நீங்கள் அதிகமாக எறியும் லூரைக் கொக்கி, வளையம் எல்லாவற்றோடும் ஒரு பலசரக்குக் கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டு போய், அது நடுவில் விழும் தடியைக் கேளுங்கள்.

இலக்கங்களையெல்லாம் இறாத்தலாக வாசிப்பது

எறியும் நிறையைத் தவிர, தடியில் வேறு மூன்று விதமான இலக்கங்கள் இருக்கக்கூடும். இறாத்தலில் எழுதியிருப்பது, அந்தத் தடியோடு பயன்படுத்த வேண்டிய நூலின் அறுபடு பலம். 50 இறாத்தல் என்பது 22.7 கிலோ. இதைத் தடி தூக்கும் நிறை என்று நினைத்து, படியில் நின்று மூட்டை தூக்குவதுபோலத் தடியை நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, பி.ஈ. என்ற எழுத்துகளோடு வரும் யப்பானிய அளவு. அது நூலின் தடிப்பைக் குறிக்கிறது, பி.ஈ. 1 என்பது ஏறத்தாழ 0.165 மில்லிமீற்றர் விட்டம். ஒரே பி.ஈ. அளவுள்ள இரண்டு நிறுவனங்களின் நூல்கள் வெவ்வேறு பலத்தில் அறுபடலாம் என்பதால், நூல் வாங்கும்போது இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, யப்பானியக் கடற்கரைத் தடிகளில் 25, 30 என்று சீன எழுத்தொன்றோடு வரும் இலக்கம். அது ஈயத்தின் அளவு. ஓர் அலகு 3.75 கிராம். ஆகவே 30 என்பது 112.5 கிராம் ஈயத்தை எறியும் தடி. அதை 30 இறாத்தல் தடி என்று வாங்கி, 28 கிராம் லூரை எறிந்து பார்த்துத் தடியைத் திட்டுவதில் பயனில்லை.

நீளம் கூடினால் எல்லாம் கூடும் என்று நம்புவது

நீளமான தடி தூரம் எறியும் என்பது ஓரளவுக்கு உண்மை. நுனி விரைவாகச் சுழல்வதால் லூரும் விரைவாகப் போகிறது. ஆனால் 13 அடித் தடியை நாள் முழுவதும் ஒவ்வொரு நிமிடமும் சுழற்ற முடியாது. ஈயமும் இரையும் கட்டி எறிந்துவிட்டு, மணலில் குத்தி வைத்துக் காத்திருப்பதற்கே அது உகந்தது. லூர் எறிகிறவருக்குக் கரையில் 9 முதல் 10 அடியும், படகில் 7 அரை முதல் 8 அடி வரையும் போதுமானவை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தடியின் அடிமுனை வயிற்றில் ஊன்றியிருக்க, முன்கை அதிலிருந்து 70 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்திருக்கிறது. நூலில் 6 கிலோ இழுவை இருக்கிறது. அடியிலிருந்து நூலின் இழுவைக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம் 2.1 மீற்றர் என்றால், முன்கை தாங்க வேண்டியது 18 கிலோ. அதே மீன், அதே 6 கிலோ, ஆனால் நீளமான தடியில் அந்தத் தூரம் 2.8 மீற்றர் என்றால் 24 கிலோ. மீன் ஒன்றும் பெரிதாகவில்லை. உங்கள் தடிதான் மீனின் பக்கம் சேர்ந்துகொண்டது. நீளமான தடியோடு ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களில் நிற்பவர் இதை உணரும் வேளையில், கால் வைப்பதற்கும் நல்ல இடம் இருக்காது.

பழைய கல்லடிப் பாலத்தில் நின்று எறிகிறவர்களுக்கு ஒரு சொல்: மீனைத் தடியால் மேலே தூக்க வேண்டாம். தடி தலைக்கு நேரே நிமிர்ந்ததும் பாரம் முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்விடுகிறது. எவ்வளவு விலை கொடுத்த தடியும் அங்கே முறியும். கயிற்றில் கட்டிய வலையை இறக்கி அள்ளுங்கள்.

ட்ராக்கை விரலால் இழுத்து மதிப்பது

மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் றீலின் இறுக்கம்தான் ட்ராக். அதை, நூலைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்து, நல்ல இறுக்கம் என்று சொல்லிக்கொள்வது பலருடைய வழக்கம். விரலுக்கு 3 கிலோவுக்கும் 7 கிலோவுக்கும் வேறுபாடு தெரியாது. நூலுக்கும் தடிக்கும் தெரியும். பயணப் பைகளை நிறுக்கும் சிறிய தொங்குதராசு போதும். நூலைத் தடியின் வளையங்களூடாக எடுத்துத் தராசில் கட்டி, தடியை 45 பாகையில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைத் தராசை இழுக்கச் சொல்லுங்கள். நூலின் அறுபடு பலத்தில் நான்கிலொரு பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் றீலிலிருந்து நூல் கழல வேண்டும். 40 இறாத்தல், அதாவது 18 கிலோ நூலுக்கு, 5 கிலோ அளவில் வைத்தால் சரி. றீலிலிருந்து நேராக இழுத்து அளந்தால் குறைவாகக் காட்டும். வளைந்த தடியில் வளையங்களின் உராய்வும் சேர்வதால் உண்மையான இழுவை அதைவிட அதிகம்.

இந்தச் சோதனையின்போது தடி எங்கிருந்து வளைகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளலாம். 5 கிலோவில் நுனி மட்டும் மடிந்து, நடுப்பகுதி அசையாமல் நின்றால் அந்தத் தடி உங்கள் நூலுக்கு அதிகம். கைபிடி வரை வளைந்து, இன்னும் இழுக்க இடமில்லாமல் போனால் குறைவு.

ஜிக் தடியை எறிவதற்கு எடுத்துப்போவது

வேண்டாம். நம் கடலில் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் கிடக்கும் ஆழத்துக்கு, ஜிக் என்னும் உலோக லூரை நேர்கீழே இறக்குவதற்கு அது நல்ல தடி.

விசைக்கொக்கி உள்ள கைபிடியில் தொங்கும் றீலைப் பூட்டுவது

சுட்டுவிரலுக்குக் கொக்கி வைத்த தடி, மேலே உட்காரும் உருளை றீலுக்கானது. தடிக்குக் கீழே தொங்கும் றீலிலிருந்து சுருள் சுருளாக வரும் நூல் அதன் சிறிய வளையங்களில் அடிபட்டு நின்றுவிடும்.

இடி முழங்கும்போதும் எறிந்துகொண்டிருப்பது

பல தடிகள் செய்யப்படும் காபன் இழை மின்சாரத்தைக் கடத்தும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி கேட்டதும் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடமொன்றுக்குள் போய்விடுங்கள். மின்கம்பிகளுக்குக் கீழேயும் தடியை நிமிர்த்திக்கொண்டு நடக்க வேண்டாம்.

பொருத்தைத் திரும்பிப் பார்க்காமல் எறிவது

பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோக வேண்டியிருப்பதால் நம்மில் பலருக்கு இரண்டு துண்டுத் தடிதான் வசதி. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பாரமான லூரைத் திரும்பத் திரும்ப எறியும்போது மேல்துண்டு சிறிது சிறிதாகத் திரும்பிக் கழன்றுவிடுகிறது. கழன்ற பொருத்தோடு எறிந்தால் உள்ளே குறைவாகப் போயிருக்கும் முனையில் பாரம் ஏறி, குழாய் நீளவாட்டில் பிளந்துவிடும். லூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்து, திருகி இறுக்கிக்கொள்ளுங்கள்.

வளையங்களைப் பார்க்காமல் பழைய தடி வாங்குவது

பழைய தடி வாங்குவதை நான் குறைசொல்லமாட்டேன். நல்ல தடிகள் பல அப்படித்தான் கைமாறுகின்றன. பேரம் பேசுமுன் வளையங்களைப் பாருங்கள். பிரெய்ட் மெல்லியது, கடினமானது. மணலும் உப்பும் ஒட்டிய பிரெய்ட் மலிவான வளையங்களின் உள்விளிம்பில் கோடு கீறிவிடும். அந்தக் கோடு பிறகு நூலை அறுக்கும். சிலிக்கன் காபைட்டு உள்வளையங்கள் இதைத் தாங்குகின்றன. ஆனால் கல்லில் அடிபட்டால் அவையும் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டுபிடிக்கச் சிறிது பஞ்சைத் திரித்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் இழை சிக்கி நிற்கும். நுனி வளையத்தை இரண்டு தடவை தேய்க்க வேண்டும், அதிகமாகத் தேய்வது அதுதான். சட்டத்தின் கால்களைச் சுற்றியுள்ள பூச்சில் பச்சையோ துருவோ தெரிந்தால் உப்பு உள்ளே போய்விட்டது என்று பொருள். நுனி வளையம் மட்டும் பழுதென்றால் அதை மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேட்கலாம். மூன்று நான்கு வளையங்களில் பஞ்சு சிக்கினால் தடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.