விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்

குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் சென்ற ஆண்டு இரண்டு தாள்களோடு என்னிடம் வந்தான். ஒன்று துபாயில் ஹெல்பர் வேலைக்கான கடிதம்: சம்பளம் 1,200 திர்ஹம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கீழே கையெழுத்தும் இல்லை, கம்பெனியின் முகவரியும் இல்லை. இன்னொன்று விசா நகல். 60 நாள் சுற்றுலா விசா என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 90,000 ரூபாய் கட்டியிருந்தான். "போனதும் வேலை விசாவாக மாற்றிக் கொடுப்பார்களாம் அண்ணா" என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுநாளே விமானம் ஏறிவிட்டான்.

யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் உழைத்தும் சம்பளம் கைக்கு வரவில்லை. விசா முடிந்த பிறகு நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் வேறு ஏறியது. புகார் கொடுக்கவும் பயம். சுற்றுலா விசாவில் வேலை செய்வதே அங்கே சட்டவிரோதம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் நான் பார்க்கிற தவறுகளில் இதுதான் பெரியது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பெரும்பாலும் 'ஈசிஆர்' (குடியேற்றச் சோதனை தேவை) பாஸ்போர்ட் வைத்திருப்பார்கள். வளைகுடா, மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் இ-மைகிரேட் என்ற மத்திய அரசின் இணையதளப் பதிவில் ஏறுவது அப்போதுதான். பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் அதோடு சேர்ந்தது: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் போகிறவனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஏஜென்டுக்கு வேலை மிச்சம். ஆபத்து முழுவதும் உங்கள் தலையில்.

'ஆசாத் விசா' என்று விற்பதும் இதே கதைதான். ஒருவர் பெயரில் விசா, வேலை வேறு எங்கேயோ. பிடிபட்டால் அந்த ஸ்பான்சர் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

பணம் கட்டுமுன் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு, இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவுபெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். ரசீது தரத் தயங்குகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நம் ஊரில் செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் நிறைய. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை. பிரிட்டனுக்குச் செவிலியரை எடுப்பவர்கள் அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டின் நடத்தை விதியே சொல்கிறது. சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்கள் 'ஐபிஏ' என்ற முன் அனுமதிக் கடிதத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்குங்கள். சம்பளமும் பிடித்தமும் அதில் இருக்கும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர் எல்லைக்குள் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022இல் சிலரை மீட்டுவர வேண்டியிருந்தது.

நமக்கே உரிய சிக்கல் ஒன்று இனிஷியல். சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி மறுத்தபோது, நம்மவர்கள்தான் திண்டாடினார்கள். கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே தந்தை பெயரை விரித்து எழுதிவிடுவது நல்லது.

கல்லூரிப் பிள்ளைகள் தன்னார்வத் தொண்டுக்கு விசா வேண்டாம் என்று நினைக்கிறார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகளில் அதுவும் வேலைதான். பிரிட்டனில் பார்வையாளர் விசாவில், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரைதான் அனுமதி.

புறப்படுமுன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் முதலாளியின் முகவரியையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பையனிடமிருந்து போன் வராமல் நின்றபோது, எங்கே வேலை செய்கிறான் என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்த ஏஜென்டின் எண்ணைக் காட்டினார். அதுவும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.