பழைய ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் முனைகளை மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வீடு வந்து சேர்ந்தவை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிய சான்சுய், பயனியர், அகாய் போன்ற ஜப்பான் செட்கள் ஒரு வகை. கோயில் கொடை விழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய சவுண்ட் சர்வீஸ்காரர்கள், புதுக் கருவி வாங்கியதும் கழித்துவிட்ட அஹூஜா போன்ற மைக் செட் பெட்டிகள் இன்னொரு வகை. இரண்டையும் இன்று தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு. வாங்கியவரின் கண்ணை முதலில் உறுத்துவது, பின்புறத்தில் களிம்பேறி, ஸ்பிரிங் தளர்ந்து நிற்கும் ஸ்பீக்கர் முனைதான், அதாவது ஸ்பீக்கர் வயரை மாட்டும் இடம்தான். “அண்ணாச்சி, இதைக் கழற்றிவிட்டுத் தங்க முலாம் பூசியதாக நாலு மாட்டிவிடுங்கள், சத்தம் தெளிவாகிவிடும்” என்று கடைக்கு வருகிறார்கள்.

முனையை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் அதை வெறும் பின்பலகைச் சாமானாக நினைப்பதில்தான் எல்லாச் சேதமும் தொடங்குகிறது. பலகைக்கு உள்ளே அந்த முனையில் என்னென்ன தொங்குகிறது என்று பார்க்காமல் கட்டரை எடுத்தவர்கள், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த செட்டை ஊமையாக்கியிருக்கிறார்கள்.

முதலில் சத்தம் தெளிவாகும் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். நம் கடைகளில் கிடைக்கும், 14 இழைகள் கொண்ட 14/76 வயரின் பருமன் 0.4 சதுர மி.மீ. அளவுதான். அதைக் கொண்டு 10 மீட்டர் தூரத்தில் உள்ள ஸ்பீக்கருக்கு இழுத்தால், போக வர 20 மீட்டர், தடை 0.8 ஓமைத் தாண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு வயரைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. அதே தூரத்துக்கு 40 இழைகள் கொண்ட 40/76 வயர் போட்டால் தடை 0.3 ஓமுக்குள் அடங்கும். சுத்தமாக இருக்கும் சாதாரண ஸ்பிரிங் கிளிப்பின் தடையோ மில்லி ஓம் கணக்கில்தான் இருக்கும். தங்க முலாம் அதில் குறைக்கப்போவது எதுவுமில்லை. முலாமின் உண்மையான பயன் களிம்பு ஏறாமல் இருப்பது மட்டுமே. ஆகவே காசு செலவழிக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தால் வயரில் செலவழியுங்கள். அதிலும் செம்புப் பூச்சு மட்டும் உள்ள அலுமினிய வயர் ஏராளமாக விற்கிறது. இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் வாங்காதீர்கள்.

ஒரு பக்கம் பாடாமல் போவது, கரகரப்பது, ஒலியைக் கூட்டினால் மட்டும் சட்டென்று வருவது போன்ற குறைகளுக்கும் முனையைத்தான் முதலில் குற்றம் சாட்டுகிறார்கள். ஒலியைக் கூட்டியதும் வருகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி, கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்க உள்ளே இருக்கும் பாதுகாப்பு ரிலே, அல்லது முன்பக்கத்தில் ஏ, பி என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சுவிட்ச். தொடுமுனைகளில் படிந்த படலத்தைக் குறைந்த மின்னழுத்தம் தாண்டாது, கூடுதல் மின்னழுத்தம் தாண்டிவிடும். அவற்றைச் சரிசெய்யாமல் பின்பலகையில் எத்தனை பளபளப்பு ஏற்றினாலும் கரகரப்பு அப்படியே இருக்கும்.

வயர் தடியாக இருப்பதால் ஸ்பிரிங் கிளிப்பில் நுழையவில்லை என்று பாதி இழைகளை வெட்டிவிடுவது பரவலான பழக்கம். வெட்டிய இழைகளில் ஒன்று பக்கத்து முனையைத் தொட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். நுழையாத வயரின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு 1 சதுர மி.மீ. வயரைச் சால்டர் வைத்து ஒட்டி, அதைக் கிளிப்பில் செருகினால் போதும். அந்தச் சிறு துண்டால் கூடும் தடை மில்லி ஓம்தான். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். பலகையைத் துளையிட வேண்டிய அவசியமே இருக்காது.

1970களின் தொடக்கத்தில் வந்த சில பயனியர் செட்களில் தனிவகை இரட்டை முள் பிளக் இருக்கும். பழைய ஃபிலிப்ஸ் செட்களில் ஒரு முள் உருண்டை, ஒரு முள் தட்டை. உருண்டைதான் பாசிட்டிவ். இவற்றுக்கும் அதே வழிதான்: அந்த வகைப் பிளக்கைத் தேடிப்பிடித்து ஒரு சிறு இணைப்பு வயர் செய்துகொள்ளுங்கள். ஃபிலிப்ஸ் ரேடியோக்கள் சிலவற்றில் அந்தச் சாக்கெட்டுக்குள்ளேயே உள் ஸ்பீக்கரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. தெரியாமல் சாக்கெட்டைப் பிடுங்கினால் ரேடியோவே பேசாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய வேலை, கைப்பேசியில் நாலு கோணத்தில் படம் எடுப்பது. பல செட்களில் ஸ்பீக்கர் முனையின் மேலேயே ஒரு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் அல்லது 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு யாரோ பிற்பாடு ஒட்டுப்போட்டது போலத் தோன்றும். “இது எதற்கு?” என்று வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அந்த இரண்டும்தான் ஆம்ப்ளிஃபையரைக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் தானாக ஊசலாடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. நீக்கிய பிறகும் செட் பாடலாம், அதுதான் ஏமாற்று வேலை. பாட்டே போடாத நேரத்திலும், டிரான்சிஸ்டரின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் தகடு கை வைக்க முடியாமல் சுடும். பிறகு ஒருநாள் வெளியீட்டு டிரான்சிஸ்டர் கருகும். புதிய முனையிலும் அவற்றை அதே இடத்தில், கால்களை நீட்டாமல் ஒட்டுங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, கறுப்பு முனையின் வயர் உள்ளே எங்கே போகிறது என்பது. அது பெரும்பாலும் பெரிய வடிகட்டும் கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்குத் தனியாகப் போகும். “எல்லாம் எர்த் தானே” என்று அதை வெட்டி, பக்கத்தில் இருக்கும் சேசிஸ் (உலோகச் சட்டம்) திருகில் முடிச்சுப் போட்டால் ரீங்காரம் ஏறும். ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் மின்னோட்டம் சில ஆம்பியர் வரை இருக்கும். நுண்ணிய சிக்னல் போகும் எர்த் பாதையில் அதைக் கலக்கவிட்டால் ஒலி கெட்டுவிடும். கறுப்பு எப்போதும் எர்த்தும் அல்ல. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைப் பாலமாக இணைத்த வடிவமைப்பில் சிவப்பு, கறுப்பு இரண்டிலும் சிக்னல் இருக்கும். இரண்டு பக்கக் கறுப்பையும் ஒன்றாக்கிவிடுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

மைக் செட் ஆம்ப்ளிஃபையர் வேறு சாதி. அதன் பின்னால் காமன், 4, 8, 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று ஒரு வரிசைத் திருகுகள் இருக்கும். வீட்டில் வைக்க வாங்கியவர், இத்தனை எதற்கு என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டே முனைகளை மாட்டுகிறார். எந்த வயரை வெளியே எடுத்தோம் என்பது ஆறு மாதத்தில் அவருக்கே மறந்துவிடும். 100 வோல்ட் முனை, நீண்ட தூரம் குழாய் கட்டுவதற்கானது. ஒவ்வொரு குழாயின் பின்னாலும் அதற்கேற்ற டிரான்ஸ்பார்மர் இருக்கும். 100 வாட் பெட்டியின் 100 வோல்ட் முனை எதிர்பார்க்கும் சுமை, அதாவது அதில் மாட்டும் ஸ்பீக்கர்களின் மொத்தத் தடை, 100 ஓம். அதில் 8 ஓம் வீட்டு ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால், அது 1,250 வாட் கேட்பதற்குச் சமம். எது முதலில் போகும் என்பது மட்டும்தான் கேள்வி. எல்லாத் திருகுகளையும் வைத்திருங்கள், எழுத்து அழிந்திருந்தால் மீண்டும் எழுதுங்கள், மேலே ஒரு மூடி போடுங்கள். முழு ஒலியில் 100 வோல்ட் என்பது ஆளைத் தூக்கியடிக்கக் கூடியது.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபையராக இருந்தால் இன்னும் ஒன்று. டிரான்சிஸ்டர் செட்டுக்கு ஷார்ட் ஆவதுதான் எமன். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் ஒன்றும் ஆகாது. வால்வு செட்டுக்கு அது தலைகீழ். சுமை இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி, காப்பு உடைந்துவிடும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு இன்று மாற்று கிடைப்பது அரிது. எனவே தளர்ந்து கழன்றுவிடக்கூடிய முனை வால்வு செட்டில் இருக்கவே கூடாது. அதன் உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை டி.சி. (நேர்மின்சாரம்) இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். திருப்புளியால் பொறி பறக்க ஷார்ட் செய்து காட்டுவது வீரம் அல்ல. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை நன்கு காப்பிட்ட கிளிப்பில் பிடித்து வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு கை வையுங்கள்.

இனிச் சொல்லப்போவது, எங்கள் ஊர்ப் பக்கம் நான் அதிகம் பார்த்ததும் அதிகம் பயப்படுவதுமான தவறு: ஸ்பீக்கர் வயருக்கு வீட்டு மின்சார டூ-பின் பிளக்கை மாட்டுவது. சவுண்ட் சர்வீஸ் தொழிலில் இது பல காலமாக நடக்கிறது. பிளக் விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், இறுக்கமாகப் பிடிக்கும். ஆனால் கொடை நடக்கும் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரே கம்பத்தில் டியூப் லைட் வயர், சீரியல் செட் வயர், குழாய் வயர் மூன்றும் இறங்குகின்றன. வில்லுப்பாட்டு தொடங்கும் அவசரம், இருட்டு, புதுப் பையன். குழாயின் பிளக் 230 வோல்ட் சாக்கெட்டில் போய்ச் செருகிக்கொள்ள ஒரு நொடி போதும். 8 ஓம் சுருளில் 230 வோல்ட் பாய்ந்தால் ஓட முயலும் மின்னோட்டம் 28 ஆம்பியர் அளவு. சுருள் கருகுவதோடு நிற்காமல் தீயும் பிடிக்கலாம். வீட்டிலும் இதே ஆபத்து உண்டு. வாங்கிய பழைய பெட்டியில் ஸ்பீக்கருக்கு டூ-பின் சாக்கெட் மாட்டியிருந்தால், மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதைக் கழற்றி எறியுங்கள்.

அதற்குப் பதிலாக வரும் பைண்டிங் போஸ்ட் என்ற திருகு முனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் போஸ்டில் செருகும் ஒற்றை முள் பனானா பிளக்குகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்து வார்த்த இரட்டைப் பிளக்கின் இடைவெளி 19 மி.மீ. நம் 5 ஆம்பியர் சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளுக்கும் அதே இடைவெளிதான். பிளக்கின் 4 மி.மீ. முள், மூடி இல்லாத பழைய சாக்கெட்டில் தாராளமாக நுழையும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒற்றைப் பிளக்குகளாகவே வாங்குங்கள், அல்லது வயரை முறுக்கி நேரடியாகத் திருகி இறுக்குங்கள்.

துளையிடுவதற்குப் பலரும் டிரில்லை நேராகச் சேசிஸில் வைக்கிறார்கள். இரும்புத் தூள் உள்ளே விழுந்து எங்காவது சர்க்யூட் பலகையில் ஒளிந்துகொண்டு, பல மாதம் கழித்து வேலையைக் காட்டும். பழைய முனை இருந்த துளையையே பயன்படுத்துங்கள். கண்ணாடி இழைப் பலகையில் ஒரு தகடு வெட்டி, வெளியே வைத்தே அதில் துளையிட்டு, போஸ்ட்களை மாட்டி, பழைய திருகுத் துளைகளிலேயே பொருத்திவிடலாம். நாளை விற்க நினைத்தால் பழைய முனையைத் திரும்ப மாட்டவும் வழி இருக்கும். உலோகத் தகட்டில்தான் மாட்டுவேன் என்றால் இருபக்கமும் காப்பு வாஷர் கட்டாயம். உள் வயரை ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு போஸ்டுக்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். சிறிதும் தொடர்பு காட்டக் கூடாது.

போஸ்டில் நேரடியாகச் சால்டர் வைத்தால் பிளாஸ்டிக் இளகி, தண்டு சாய்ந்துவிடும். வளையத் தகட்டில் வயரை முதலில் ஒட்டி, பிறகு அதை நட்டால் இறுக்குவது சரி. வெளிப்பக்க வயரின் நுனிக்கு ஈயம் பூசித் திருகில் வைப்பதும் வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். இன்று இறுக்கியது சில மாதத்தில் ஆடும். செம்பு இழைகளை அப்படியே முறுக்கி வையுங்கள்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்குக் களிம்புதான் நிரந்தரச் சண்டை. உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பச்சை பூக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியோ, மின் தொடுமுனைகளுக்கென்று விற்கும் கிளீனரோ போதும். தேங்காய் எண்ணெய் தடவும் வைத்தியத்தையும் பார்த்திருக்கிறேன்; அதில் தூசியும் எறும்பும்தான் சேரும். எறும்பு வந்தால் பின்னாலேயே பல்லி வரும், பல்லி வந்தால் ஃபியூஸ் போகும்.

வேலை முடிந்ததும் நல்ல ஸ்பீக்கரை உடனே மாட்டாதீர்கள். மெயின் வயரோடு தொடர் இணைப்பில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு சுவிட்சை அழுத்துங்கள். டிரான்சிஸ்டர் செட்டில் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது; எரிந்தபடியே இருந்தால் அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள். பிறகு பல்பை நீக்கி, ஒலியைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை அருகில் கொண்டுபோகாதீர்கள். வால்வு செட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் சுமையை மாட்டிவிட்டுத்தான் சுவிட்சையே தொட வேண்டும்.

ஏ, பி இரண்டு ஜோடியையும் சேர்த்து ஓட்டும் எண்ணம் இருந்தால், பல செட்களில் அவை பக்க இணைப்பில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4 ஓம், 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். பின்பலகையில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் எதுவும் எரியாது. ஆனால் அடித்தொனி மெலிந்து, பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் சிதறுவார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் பட்ட வயரில் கூம்பு முன்னால் வந்தால், பெரும்பாலான ஸ்பீக்கர்களில் அதுவே சிவப்பு. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்து நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். புதிய பிளாஸ்டிக் வாஷர் அழுத்தத்தில் சற்றுத் தட்டையாகியிருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் வெளியே திருகும்போதெல்லாம் போஸ்ட் முழுவதும் சுழன்று, உள்ளே ஒட்டிய வயரை முறுக்கி அறுத்துவிடும்.