‘பிரையாரிட்டியைக் குறைக்கவும்’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்

மதுரை கே.கே.நகர் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் கொடுப்பது குறிப்பேடு எழுதும் வேலைதான். இந்த சர்வரில் ராத்திரி என்னென்ன ஓடுகிறது, நின்றுபோனால் எந்தக் கட்டளையை அடிக்க வேண்டும், மெதுவானால் எதைப் பார்க்க வேண்டும், இப்படி. மேலூரிலிருந்து வருகிறவரும் சரி, திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவரும் சரி, எங்கள் செட்டு ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் சொல்) போட மறப்பது, பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்ணை மாற்றி அடிப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை, ஒரு தடவை சூடு பட்டால் தானாகச் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது எழுத்தில் வரும் பிழைகள். எழுதியவருக்கு விஷயம் சரியாகத் தெரிந்திருக்கும், ஆனால் அதைப் படித்துச் செய்கிறவர் தலைகீழாகச் செய்து வைப்பார்.

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

பிரையாரிட்டியைக் கூட்டுவதும் குறைப்பதும்

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பிராசஸின் முன்னுரிமையை (பிரையாரிட்டி) நைஸ் மதிப்பு என்ற எண்ணால் சொல்கிறோம், அது -20 முதல் 19 வரை போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் 0. எண் ஏற ஏற அந்த பிராசஸுக்குக் கிடைக்கும் சிபியு பங்கு குறையும். கல்யாணப் பந்தியில் “நீங்க முதல்ல உட்காருங்க” என்று மற்றவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே நிற்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள், நைஸ் எண் என்பது அந்த ஆள் எவ்வளவு தாராளமாக வழிவிடுகிறார் என்பதன் அளவு. 19 என்றால் எல்லோரும் சாப்பிட்ட பிறகு வருவார். -20 என்றால் இலை போடும் முன்பே உட்கார்ந்திருப்பார்.

இது எல்லோருக்கும் தெரியும். கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அப்புறம் குறிப்பேட்டில் “பிரையாரிட்டி மதிப்பைக் குறைக்கவும்” என்று எழுதுவார்கள். எதைக் குறைப்பது? முன்னுரிமையையா, எண்ணையா? இரண்டும் நேர் எதிர்த் திசை.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. தீபாவளி சீசனில் விற்பனை அதிகம் என்பதால் ராத்திரி எடுக்கும் பேக்கப் போதாதென்று மாலையிலும் ஒன்று எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) கூடவே கொடுத்த குறிப்பில் இருந்த வரி இது: “பில்லிங்குக்கு இடைஞ்சல் வராமல் இருக்க, பேக்கப்பின் பிரையாரிட்டி மதிப்பை 15 குறைக்கவும்.” கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தம்பி அதை அப்படியே செய்தார். 0-வில் 15 குறைத்தால் -15. ஸ்கிரிப்டில் ‘நைஸ் -என் -15’ என்று போட்டு ரூட்டின் (எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகி) கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் வசதி) சேர்த்துவிட்டார். சாதாரணப் பயனராக இருந்திருந்தால் “அனுமதி இல்லை” என்றாவது ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். ரூட் என்பதால் எந்த முணுமுணுப்பும் இல்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பேக்கப் தொடங்கியதும் கோப்புகளைச் சுருக்கும் கம்ப்ரஷன், சிபியுவின் ஒவ்வொரு கோரிலும் ஒரு த்ரெட்டை (பிராசஸுக்குள் தனியாக ஓடும் ஒரு கிளை) ஓடவிட்டது, எல்லாமே -15-ல். கணக்கு என்னவென்றால், நைஸ் 0-வுக்குக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கொடுக்கும் எடை 1024, -15-க்கு 29154. ஏறக்குறைய 28 மடங்கு. ஒரே கோரில் இரண்டும் மோதினால் கம்ப்ரஷனுக்கு நூற்றுக்கு 96-க்கு மேல், பில்லிங்குக்கு மிச்சம் மீதி. கவுன்டரில் பார்கோடு ஸ்கேன் செய்தால் துணியின் விலை திரையில் வருவதற்குள் வரிசையில் நிற்கிறவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

போன் வந்தது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அந்தத் தம்பி தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியும் இருந்தார். “அண்ணே, ரீநைஸ் பண்ணி 19 ஆக்கிட்டேண்ணே. டாப்புலயும் 19-ன்னுதான் காட்டுது. ஆனா கவுன்டர் நகரவே மாட்டேங்குதுண்ணே.” ரீநைஸ் என்பது ஓடுகிற பிராசஸின் நைஸை மாற்றும் கட்டளை, டாப் என்பது ஓடுகிறவற்றைப் பட்டியலிடும் கட்டளை. பாவம், அவர் நினைத்தது சரிதான், ஆனால் போதவில்லை. லினக்ஸில் நைஸ் மதிப்பு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. பிராசஸ் எண்ணைக் கொடுத்து ரீநைஸ் செய்தால் முதன்மை த்ரெட் மட்டும்தான் மாறும், நிஜமாக மூச்சு வாங்க உழைத்துக்கொண்டிருந்த மற்ற த்ரெட்டுகள் -15-லேயே கிடந்தன. டாப் சாதாரணமாகப் பிராசஸுக்கு ஒரு வரிதான் காட்டும். பெரிய எழுத்து ‘ஹெச்’ விசையைத் தட்டினால்தான் த்ரெட்டுகள் தனித்தனியாக விரியும். தட்டச் சொன்னேன். திரையின் மேல்பகுதி முழுக்க, நைஸைக் காட்டும் என்ஐ பத்தியில் -15, -15, -15. பிராக் அடைவுக்குள் அந்தப் பிராசஸின் ‘டாஸ்க்’ அடைவில் இருக்கும் த்ரெட் எண்கள் எல்லாவற்றையும் ரீநைஸுக்குக் கொடுத்தால் சரியாகும்தான். ஆனால் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அதை யார் விளக்கிக்கொண்டிருப்பது? பேக்கப்பைக் கொன்றுவிடச் சொன்னேன், ராத்திரி எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அந்தத் தம்பி மேல் இல்லை. அந்த ஒரு வரியை எழுதியவர் மேல்தான். ‘பேக்கப்பை நைஸ் 15-ல் ஓட்டவும், பில்லிங்குக்கு வழிவிடும்’ என்று எழுத இன்னும் எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

இதில் இன்னொரு வினை, பிரையாரிட்டி என்ற பெயரில் கருவிகள் காட்டும் எண்கள். நைஸ் 0-வில் ஓடும் ஒரே பிராசஸை டாப்பில் பாருங்கள், பிஆர் பத்தியில் 20 இருக்கும். பிராசஸ்களைப் பட்டியலிடும் இன்னொரு கட்டளையான ‘பிஎஸ் -எல்’ அடியுங்கள், 80 என்று வரும். ‘பிஎஸ் -ஓ பிஆர்ஐ’ என்று கேளுங்கள், 19. முதல் இரண்டில் எண் பெரிதானால் முன்னுரிமை குறைவு. மூன்றாவதில் எண் பெரிதானால் முன்னுரிமை அதிகம். நைஸை 10 ஆக்கினால் இவை 30, 90, 9 என்று மாறும். ‘சிஹெச்ஆர்டி’ கட்டளையால் வைக்கும் ரியல்டைம் முன்னுரிமையோ (சாதாரண வேலைகளுக்கெல்லாம் முன்னே நிற்கும் தனி வகை) 1 முதல் 99 வரை, அங்கே 99-தான் பெரிய ஆள். ஆக “பிரையாரிட்டி 30-க்கு மேல் போனால் கவனிக்கவும்” என்று ஒரு குறிப்பேட்டில் எழுதியிருந்தால், எந்தக் கருவியின் எந்தப் பத்தி என்று எழுதாதவரை அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது.

நான் திருத்தும்போது வைத்திருக்கும் விதி இவ்வளவுதான்: கூட்டு, குறை, உயர்த்து, இறக்கு என்ற நான்கு சொற்களும் எண்ணோடு சேர்ந்து வரக்கூடாது. ‘நைஸ் மதிப்பை 10 ஆக வைக்கவும்’ என்று முடிவு எண்ணைச் சொல்லுங்கள், அதனால் யாருக்கு வழி கிடைக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த வரியில் அதைச் சரிபார்க்கும் கட்டளையையும் அது காட்ட வேண்டிய எண்ணையும் போடுங்கள். பிஆர் பத்தியை விட்டுவிடுங்கள், என்ஐ பத்தியைச் சொன்னால் போதும்.

அந்த ‘-என்’ எந்த ‘-என்’?

நைஸ் கட்டளையில் ‘-என் 5’ என்றால் இப்போதிருக்கும் மதிப்போடு 5 சேர்ப்பது. எண்ணே கொடுக்காமல் வெறும் நைஸ் என்று போட்டு ஒரு கட்டளையை ஓட்டினால் 10 சேரும். லினக்ஸின் ரீநைஸில் ‘-என் 5’ என்றால் மதிப்பையே 5 ஆக்குவது. ஃப்ரீபிஎஸ்டி, மேக் ஆகிய வேறு இயங்குதளங்களில் ரீநைஸின் ‘-என் 5’ மறுபடியும் ‘5 சேர்’ என்ற பொருளுக்குப் போய்விடும். இதற்கு மேல் பழைய வடிவம் ஒன்று உண்டு: ‘நைஸ் -5’ என்று எழுதினால் மைனஸ் 5 இல்லை, கூட்டல் 5. அந்தக் கோடு ஆப்ஷனுக்கான கோடு. மைனஸ் வேண்டுமென்றால் இரண்டு கோடு. சி ஷெல்லில் (ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) நைஸ் என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் தனிக் கட்டளை, எண் கொடுக்காவிட்டால் 4. எனவே குறிப்பேட்டில் பழைய வடிவத்தை எழுதவே எழுதாதீர்கள், எந்த இயங்குதளத்தில் சோதித்தது என்பதையும் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சாதாரணப் பயனர் மைனஸ் மதிப்பு கேட்டால், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு நைஸ் ஒரு எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிடும், நிற்காது. “பிழை வந்தால் ஓடவில்லை என்று பொருள்” என்று எழுதி வைத்த குறிப்பைப் படித்து, ஒரே இம்போர்ட்டை இரண்டு முறை ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நைஸ் வரம்பு அல்ல

“சிபியுவை அதிகம் எடுக்காமல் இருக்க நைஸ் 19-ல் ஓட்டவும்.” இந்த வரி எல்லாக் குறிப்பேட்டிலும் இருக்கும். போட்டிக்கு ஆள் இல்லையென்றால் நைஸ் 19 பிராசஸும் முழு கோரையும் எடுத்துக்கொள்ளும், டாப்பில் 100 காட்டும், படித்தவர் பயந்துபோய் உங்களுக்கு போன் செய்வார். உண்மையிலேயே உச்சவரம்பு வேண்டுமென்றால் சிஸ்டம்டியில் (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) சிபியு கோட்டா என்ற அமைப்பு இருக்கிறது, அதை எழுதுங்கள்.

டிஸ்க் வேறு கதை. அதற்கு அயோநைஸ், அதில் 1 ரியல்டைம், 2 சாதாரணம், 3 ஐடில் என்று மூன்று வகுப்பு, ஒன்றிலும் இரண்டிலும் 0 முதல் 7 வரை நிலைகள், 0-தான் உசத்தி. அந்த டிஸ்கின் ஐஓ ஷெட்யூலர் (படிக்க, எழுத வரும் கோரிக்கைகளை வரிசைப்படுத்துவது) ‘நன்’, அதாவது ‘எதுவுமில்லை’ என்று இருந்தால் அயோநைஸ் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடும், பலனும் இருக்காது.

ஆட்டோகுரூப்

மேனுவல் பக்கத்தில் இருந்தும் யாரும் படிக்காத பகுதி. 2011-ல் வந்த 2.6.38 கெர்னலிலிருந்து இந்த வசதி உண்டு. இது இயங்கும் கணினியில் ஒவ்வொரு டெர்மினல் செஷனும் ஒரு குழுவாகிவிடும், நைஸ் மதிப்புகள் அந்தக் குழுவுக்குள் மட்டும்தான் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். அதாவது ஒரு டெர்மினலில் கம்பைலை 19-ல் ஓட்டிவிட்டு இன்னொரு டெர்மினலில் ஓடும் வேலைக்கு வழி கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் நடக்காது, இரண்டு செஷனுக்கும் சரிபாதி. மேலே சொன்ன ஜவுளிக்கடை சர்வரில் இதை அணைத்து வைத்திருந்தார்கள், அதனால்தான் -15 முழு வீச்சில் பாய்ந்தது. குறிப்பேட்டில் நைஸ் வரும் இடத்திலெல்லாம் ஆட்டோகுரூப் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வரியையும் சேருங்கள். குழுவின் நைஸை மாற்ற வேண்டுமானால் பிராக் அடைவுக்குள் பிராசஸ் எண்ணின் கீழே ‘ஆட்டோகுரூப்’ என்ற கோப்பு இருக்கிறது, அதில் எண்ணை எழுதினால் போதும்.

கிரானும் ஷெட்யூலரும்

கிரான் எப்போது தொடங்குவது என்று சொல்லும், கெர்னல் ஷெட்யூலர் தொடங்கியதற்கு எவ்வளவு சிபியு என்று சொல்லும். இரண்டையும் ‘ஷெட்யூல் செய்’ என்றே எழுதாதீர்கள்.

பேட்ச்

லோடு இறங்கும்வரை காத்திருந்து வேலையைத் தொடங்கும் பேட்ச் கட்டளை ஒன்று. கெர்னலின் பேட்ச் ஷெட்யூலிங் கொள்கை இன்னொன்று. திரையில்லாமல் டாப்பை ஓட்டும் பேட்ச் முறை மூன்றாவது. எது என்று எழுதுங்கள்.

கட்டளையின் கடைசியில் & போட்டால்

பின்னணிக்குப் போகும், அவ்வளவுதான். பாஷ் ஷெல்லில் முன்னுரிமை மாறாது. இசட்ஷெல்லில் மட்டும் இயல்பாகவே பின்னணி வேலைகளின் நைஸ் கூடும், அதனால் “என் கணினியில் மெதுவாக ஓடியதே” என்று வருகிறவரிடம் முதலில் எந்த ஷெல் என்று கேளுங்கள்.

லோடு ஆவரேஜை சிபியு என்று எழுதுவது

லினக்ஸின் லோடு ஆவரேஜில் ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற பிராசஸுகளோடு, டிஸ்குக்கோ என்எஃப்எஸ்ஸுக்கோ (நெட்வொர்க் வழியே கோப்புகளைத் தருவது) காத்துக்கொண்டு ‘டி’ (ஆங்கில D) நிலையில் தூங்குகிறவையும் சேரும். என்எஃப்எஸ் சர்வர் விழுந்துவிட்டால் சிபியு சும்மா இருக்கும்போதே லோடு 40, 50 என்று ஏறும். “லோடு அதிகமானால் கனமான பிராசஸை ரீநைஸ் செய்யவும்” என்ற அறிவுரை அங்கே ஒன்றுக்கும் உதவாது. முதலில் பிஎஸ்ஸின் ஸ்டாட் பத்தியில் ஆர் (ஓடுகிறவை, ஓடக் காத்திருக்கிறவை) எத்தனை, டி எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள், டி கூடுதலாக இருந்தால் ஷெட்யூலரை விட்டுவிட்டு ஸ்டோரேஜ் பக்கம் போகச் சொல்லுங்கள். கையோடு அந்த நிலைகளுக்குச் சரியான பெயரையும் எழுதுங்கள். எஸ், டி இரண்டையும் ‘உறக்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எஸ்ஸைச் சிக்னல் கொடுத்து எழுப்பலாம். டி-யில் மாட்டியது பெரும்பாலும் கில் -9-க்கும் அசையாது.

ரியல்டைம் என்றால் வேகம் இல்லை

சொன்ன நேரத்துக்குள் கிடைக்கும் என்பதுதான் அதன் வாக்குறுதி. “அறிக்கை சீக்கிரம் வர சிஹெச்ஆர்டி -எஃப் 99” என்று எழுதிய ஒரு குறிப்பைக் கிழித்தே போட்டிருக்கிறேன். அந்த -எஃப் குறிக்கும் ஃபிஃபோ என்ற ரியல்டைம் கொள்கையில் ஓடும் வேலை தானாக விடும்வரை, அல்லது அதைவிடப் பெரிய ரியல்டைம் வேலை வரும்வரை, சிபியுவை விடாது. சாதாரண வேலைகளில் நைஸ் -20 உட்பட எதுவும் அதன் முன் நிற்காது. இயல்பான அமைப்பில் ஒரு வினாடிக்கு 0.95 வினாடிக்கு மேல் ரியல்டைம் வேலைகளுக்குப் போகாமல் கெர்னல் பிடித்து வைக்கிறது, அந்த மிச்சத்தில்தான் நீங்கள் உள்ளே நுழைந்து கில் அடிக்க முடிகிறது.

ஷெட்யூலரின் பெயர்

கெர்னல் ஷெட்யூலரின் பெயரை சிஎஃப்எஸ் என்று எழுதிய பழைய குறிப்புகளை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். அது 2007-ல் 2.6.23-ல் வந்தது. 2023-ல் வந்த 6.6-லிருந்து தேர்ந்தெடுக்கும் முறை ஈஈவிடிஎஃப்புக்கு மாறிவிட்டது. நைஸ் எடைகள் அதே எண்கள்தான், ஆனால் சிஎஃப்எஸ்ஸுக்கென்று இணையத்தில் கிடைக்கும் ட்யூனிங் வரிகளில் சில, புது கெர்னலில் அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்று சொல்லும். கெர்னல் பதிப்பைக் காட்டும் ‘யுநேம் -ஆர்’ அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.