சிவிங்கி எப்படி அப்படி ஓடுகிறது: கல்லடி மணலில் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை

சிவிங்கி (cheetah) எவ்வளவு வேகமாக ஓடும் என்று தரம் 8 பிள்ளைகளிடம் சொன்னால், கொப்பியில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த உடம்பு என்ன செய்கிறது என்று கண்டுகொண்ட பிள்ளை மறக்காது. மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு, இந்தப் பாடத்துக்குக் கல்லடிக் கடற்கரையைவிட நல்ல வகுப்பறை கிடைத்ததில்லை.

முதலில் படத்தைக் காட்டுங்கள். எங்கள் குமன தேசியப் பூங்காவில் இருப்பது சிறுத்தை. சிவிங்கி ஆபிரிக்க வெட்டவெளிகளில் ஓடுவது. சிவிங்கியின் கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்தால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். அலை வந்து போன ஈர மணல்தான் வேண்டும். ஆனால் ஒருவரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். 100 மீற்றர் அளந்து பிள்ளைகளை ஓடவிட்டு, 6 செக்கனில் விசில் ஊதுங்கள். யாரும் பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். 2012இல் அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் சாரா என்ற சிவிங்கி முழு 100 மீற்றரையும் 5.95 செக்கனில் ஓடி முடித்தது. உசைன் போல்ட்டுக்கே 9.58 செக்கன் தேவைப்பட்டது.

அப்புறம் மணலில் 6 மீற்றருக்கு ஒரு கோடு கீறுங்கள். முழு வேகத்தில் சிவிங்கியின் ஒரு பாய்ச்சல் அந்த அளவுக்கு வரும், சிலவேளை அதையும் தாண்டும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு தடவை நாலு காலும் தரையை விட்டிருக்கும்: உடம்பு சுருங்கும்போது ஒன்று, நீளும்போது ஒன்று.

அந்த நீளம் எங்கிருந்து வருகிறது? இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஒரு பிள்ளையை மணலில் கையும் முழங்காலும் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். முதுகைக் கூனவைத்து, முழங்காலை முடிந்தளவு முன்னே கொண்டுவரட்டும். அந்த இடத்தில் கோடு. பிறகு முதுகை நிமிர்த்தி, கைகளை எட்டும்வரை முன்னே நீட்டட்டும். இன்னொரு கோடு. கால் வளரவில்லை, முள்ளந்தண்டு வளைந்து விரிந்ததும் சேர்ந்துதான் அந்தத் தூரம் வந்தது. சிவிங்கியின் முள்ளந்தண்டு இதைவிட எவ்வளவோ வளையும்; சுருங்கும் நேரத்தில் பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே போய்விடும். எல்லாரும் தங்கள் காறை எலும்பைத் தொட்டுப் பார்க்கட்டும். எங்கள் தோளை நெஞ்செலும்போடு பிணைப்பது அதுதான். சிவிங்கிக்கு அது மிகச் சிறியது, எதனோடும் பிணையவில்லை. அதனால் தோள்பட்டை முன்னும் பின்னும் தாராளமாக வழுக்கிப் போகும்.

அடுத்தது நகம். கடற்கரையில் நாய்க்கால் தடம் எப்படியும் இருக்கும். விரலடிகளுக்கு முன்னால் நகம் குத்திய சின்னப் பள்ளங்களைக் காட்டுங்கள். வீட்டுப் பூனை நடந்த தடத்தில் அது இராது, நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிவிங்கி பூனைக் குடும்பம்தான், ஆனாலும் நகம் முழுதாக உள்ளே போகாது. ஓட்டவீரரின் ஸ்பைக் சப்பாத்துப் போல நிலத்தைப் பிடிக்கும்.

வாலை வீடியோவில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டுவதுதான் வசதி. இரை சட்டென்று திரும்பும்போது, நீளமான வாலை வீசித்தான் சிவிங்கி சரியாமல் திரும்புகிறது. வேட்டையில் வெறும் வேகத்தைவிட இந்தத் திருப்பம்தான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். பொட்சுவானாவில் சிவிங்கிகளுக்கு அளவுக் கருவியுள்ள கழுத்துப்பட்டி கட்டி அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீற்றர். ஆனால் பெரும்பாலான வேட்டைகளில் அவை அதற்கு வெகு குறைவாகவே ஓடின. ஒரு துரத்தலின் சராசரித் தூரமும் 173 மீற்றர்தான்.

அவ்வளவு குறுகிய ஓட்டம் ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் சீக்கிரம் களைத்துப்போகும் என்று சொல்லுங்கள். அகன்ற மூக்குத் துவாரங்களால் மூச்சை அள்ளி இழுத்தாலும் அந்த வேகத்தில் நெடுந்தூரம் தாக்குப்பிடிக்காது.